பெருமாள் தீர்த்தமும் இறால் ஓடும்

புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலைப் பூஜைக்குத் துளசி பறிக்கப் போன என் கை பாதியில் நின்றுவிட்டது. தொட்டிக்குள், செடியின் தண்டை ஒட்டி, ஒரு இறால் தலை கிடந்தது. மீசையோடு, கருப்புக் கண்ணோடு, என்னைப் பார்த்தபடி கிடந்தது.

கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவன் நான். மீன் வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்த ஊரில் வாழ முடியாது. பெஹாலாவில் எங்கள் சந்து முனையிலேயே மீன் சந்தை இருக்கிறது. ஆனால் அதெல்லாம் வெளியே. வாசற்படிக்கு உள்ளே பெருமாள் வீடு என்பதுதான் என் எண்ணம்.

"காக்கா போட்டிருக்கும். இந்த ஊர்ல எந்தக் காக்கா சைவம்? எடுத்து எறிஞ்சுட்டுத் தொட்டியைக் கழுவுங்க" என்றாள் மனைவி, அடுக்களை ஜன்னல் வழியாக.

எறிந்தேன். கழுவினேன். நிமிர்ந்து பார்த்தால் மொட்டைமாடிச் சுவர் முழுக்கக் காக்கைகள். சண்டையும் கூச்சலும் தாங்கவில்லை. மாடிப்படி ஏறிப் போனேன். மேலே, பழைய சேலை ஒன்றை விரித்து, அதன்மேல் வடகம் காயப்போட்டது மாதிரி இறால் ஓடுகள் பரப்பியிருந்தன. தலையும் வாலும் காலுமாக ஒரு சாக்கு அளவு இருக்கும். மாடி அறையில் குடியிருக்கும் பெண் கையில் குச்சியோடு காக்கைகளை விரட்டிக்கொண்டு நின்றாள்.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பயமே இல்லை. அதுதான் என்னை முதலில் திடுக்கிட வைத்தது.

அவளைப் பற்றியும் என் வீட்டுத் தண்ணீரைப் பற்றியும் சொல்லாமல் மேலே போனால் அன்றைக்கு எனக்கு வந்தது என்ன என்று உங்களுக்குப் புரியாது.

எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். அப்பளம், காப்பிப் பொடி, ஊறுகாய், சாம்பிராணி விற்கிற சின்னக் கடை ஒன்று வைத்திருந்தேன். இப்போது அதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். நடுவில் ஒரு வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை கண்டு, பிழைப்பேனா என்று ஆகிவிட்டது. தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். குழாய்த் தண்ணீர் எந்தச் சாக்கடையை ஒட்டி, எந்த ஓட்டைக் குழாய் வழியாக வருகிறதோ என்று எனக்கு அன்றைக்கு ஒரு வெறுப்பு விழுந்தது. எழுந்து உட்கார்ந்த முதல் நாளே பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். இனி என் கையால் அடித்து எடுத்த பூமித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிப்பதில்லை, உனக்கும் அதுதான் என்று.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அடிபம்பு இருக்கிறது. இங்கே அதை டியூப்வெல் என்பார்கள். விடிந்ததும் குளித்து, ஈரத் துண்டோடு நானே பம்படித்துப் பித்தளைக் குடத்தில் நிரப்புவேன். பெருமாளுக்குத் திருமஞ்சனம் அதில்தான். நாள் முழுக்க நான் குடிப்பதும் அதைத்தான். மனைவி சமைப்பதும் குடிப்பதும் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர்தான். "உங்க வேண்டுதலுக்கு நான் பம்படிக்க முடியாது" என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை தோறும் எங்கள் கூடத்தில் பஜனை நடக்கும். இருபது பேர் வருவார்கள். வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், கடைக்காரர்கள், கிடர்பூரிலிருந்து கப்பல் கம்பெனி குமாஸ்தாக்களின் குடும்பங்கள் என்று. பஜனை முடிந்ததும் துளசியும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போட்ட தீர்த்தத்தை நான்தான் உத்தரணியால் எடுத்து ஒவ்வொருவர் கையிலும் விடுவேன். "உங்க வீட்டுத் தீர்த்தத்துக்கு ஒரு தனி ருசி" என்பார்கள். கிடர்பூர் அம்மா ஒருவர் வாராவாரம் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போவார். அவருடைய மகள் கர்ப்பமாகித் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். தினம் வெறும் வயிற்றில் அவளுக்கு அரை டம்ளர் கொடுப்பதாகச் சொல்வார். கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். பொய் சொல்வானேன், மிகவும் பெருமையாக இருக்கும்.

மாடி அறைக்கு அந்தப் பெண் வந்தது அதற்கெல்லாம் பிறகு. வங்காளிப் பெண். எல்லைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, ஜாதவ்பூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். என்னை மேஷோமஷாய் என்பாள், அதாவது சித்தப்பா மாதிரி. மனைவியை மாஷிமா என்பாள். வீடு கொடுக்கும்போது நான் வைத்தது ஒரே நிபந்தனை. வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. "வெளியே சாப்பிட்டுக்கறேன் மேஷோமஷாய்" என்று அவள் வங்காளத்தில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை அவளும் தீர்த்த வரிசையில் வந்து நின்றாள். நான் உத்தரணியை நீட்டினேன். அவள் கையை நீட்டாமல் என் கையையே பார்த்தாள். எல்லோரும் போன பிறகு, "மேஷோமஷாய், ரெண்டு கையையும் காட்டுங்க" என்றாள். பிறகு உள்ளங்காலைக் காட்டச் சொன்னாள்.

என் உள்ளங்கையில் கடுகு கடுகாகத் தடிப்புகள் இருந்தன. பம்புக் கைப்பிடி உரசிக் காய்த்துப் போனது என்று நான் நினைத்திருந்ததைச் சொன்னேன். உள்ளங்காலிலும் அப்படியே. மார்பில் மழைத்துளி விழுந்த மண் போலப் புள்ளிகள். வயசானால் வருவது என்று விட்டிருந்தேன்.

"உள்ளங்காலால பம்படிச்சீங்களா?" என்று கேட்டாள். கேலியாக இல்லை. முகம் வெளுத்துக் கேட்டாள்.

மறுநாள் சின்ன பாட்டிலில் என் குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். நாலாம் நாள் சாயங்காலம் ஒரு காகிதத்தோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. டி.வி.யில் கேட்டிருந்த மனைவிதான் சொன்னாள்.

"பாஷாணம்."

இந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியிலேயே அது இருக்கிறதாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது, காய்ச்சினாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் மெல்ல மெல்லத் தோலில் தெரியும், பிறகு உள்ளே போகும் என்றாள்.

"பூமாதேவி விஷம் குடுப்பாளாம்மா?" என்று அவளைக் கேட்டேன். அவள் காகிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினாள்.

அன்றைக்கு நான் எதை நினைத்து அதிர்ந்தேன் என்று யோசித்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. என் உடம்பை நினைத்து இல்லை. அந்த இருபது பேரை நினைத்தும் இல்லை. இத்தனை வருஷம் பெருமாள் தலையில் பாஷாணத்தை ஊற்றியிருக்கிறேனே என்றுதான் நடுங்கினேன்.

"நாளையிலேருந்து குழாய்த் தண்ணி குடிங்க" என்றாள் மனைவி.

"வேண்டுதல் என்னாவறது?"

"வேண்டிக்கிட்டது உயிர் பிழைக்கத்தானே? இப்ப அந்த உயிரே போவுதுங்கறா இந்தப் பொண்ணு."

நான் கேட்கவில்லை. மறுநாளும் பம்படித்தேன். அதையே குடித்தேன். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றேன். மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் எங்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் ஒரு பில்டர் கொண்டுவந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வாளி. மேல் வாளியின் அடியில் செம்மண் நிறத்தில், ஜவ்வரிசி போல, உருண்டை உருண்டையாக மணிகள். அவளுடைய ஆராய்ச்சியே அதுதானாம். பம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால் மணிகள் பாஷாணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நல்ல தண்ணீரைக் கீழே விடும். வாராவாரம் அவளே சோதித்துச் சொன்னாள். பாஷாணம் அநேகமாக இல்லை.

"இந்த மணி எதுல செஞ்சதாம்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"செம்மண்ணு. அதைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை. எல்லாம் இயற்கைதானாம்" என்றாள்.

பெருமாளே அனுப்பிய பெண் என்று நினைத்தேன். என் வேண்டுதலும் நிற்கிறது, விஷமும் போகிறது, வேறு என்ன வேண்டும்? அடுத்த சனிக்கிழமை எல்லோரிடமும் சொன்னேன். "மேல இருக்கற பொண்ணு செஞ்ச பில்டர். ரசாயனம் கிடையாது. உபயோகிச்சுத் தீர்ந்தா ஊரைக் கெடுக்காத சாமான்." என்னமோ நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். பில்டர் எதற்காக வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. இனிமேல்தான் நல்ல தண்ணீர் ஆயிற்றே, எதற்காகப் பழசைக் கிளறி ஜனங்களைப் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிடர்பூர் அம்மாவின் பாட்டிலை நிரப்பும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் 'பொண்ணு எப்படி இருக்கா' என்று கேட்டுவைப்பேன்.

இப்படி ஆனியிலிருந்து புரட்டாசி வரை ஓடியது.

இப்போது மொட்டைமாடிக்கு வருகிறேன்.

"என்ன இது?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"சிங்ரி ஓடு, மேஷோமஷாய். பூஜா விடுமுறைக்கு லேப் பூட்டிட்டாங்க. ஒரே ஒரு நாள் வெயில்ல காயட்டும்னு கொண்டுவந்தேன். சதை துளிகூடக் கிடையாது, வெறும் ஓடு."

"இது எதுக்கு?"

அவள் முகத்தில் குழப்பம் வந்தது. "மணி செய்யத்தான். இதைத்தானே அமிலத்துல ஊறவெச்சு, காரத்துல வேகவெச்சு, மாவாக்கி, செம்மண்ணோட சேர்க்கறேன். உங்க வாளியில இருக்கறது இதுதானே."

வெயில் இருந்தது. காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நாக்கில், மூன்று மாதத் தண்ணீர் முழுவதும் ஒரேயடியாக மீன் நாற்றமாக ஏறியது. ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் வாசனை இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினேன். ஒன்றும் வரவில்லை.

"ஷொர்பொநாஷ்!" என்று அவள் என்னைப் பிடிக்க ஓடிவந்தாள். சர்வ நாசம் என்பதை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "தொடாதே!" என்றேன். "இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணு. என் பெருமாளுக்கு இறால் தண்ணியை ஊத்த வெச்சிட்டியே!"

"நான் முதல் நாளே மாஷிமாகிட்ட சொன்னேன்" என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது. "நீங்க சைவம்னு தெரிஞ்சுதான் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். சரின்னா வெக்கறேன், இல்லைன்னா வேணாம்னேன்."

திரும்பிப் பார்த்தேன். மாடிப்படியில் மனைவி நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. கையில் கரண்டி.

"ஆமா, சொன்னா" என்றாள். "நான்தான் வாயை மூடிக்கிட்டேன். இவளை ஏன் விரட்டுறீங்க? என்னை விரட்டுங்க."

முப்பத்தைந்து வருஷம் என்னோடு வாழ்ந்தவள். ஏகாதசிக்கு ஏகாதசி எனக்குத் துணையாகப் பட்டினி கிடப்பவள்.

"உனக்குத் தெரிஞ்சே... பெருமாளுக்கு..."

"பெருமாளுக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்குத்தான் ஆகும். குழாய்த் தண்ணி குடிக்கமாட்டேன்னு நின்னீங்க. பாஷாணம் குடிப்பேன்னீங்க. நான் என்ன செய்யறது? உங்க காலைப் பிடிச்சேன். கேட்டீங்களா?"

"அதுக்காக இறாலா?"

"இறால் ஓடுன்னா இவ்வளவு துடிக்கறீங்களே, பம்புக்குள்ள இருக்கற வாஷர் என்னன்னு தெரியுமா? தோல். மாட்டுத் தோல். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மிஸ்திரி வந்து மாத்தறான்."

"நான் ரப்பர் போடச் சொல்லியிருக்கேன்!"

"நீங்க சொல்லிட்டுக் கடைக்குப் போயிடுவீங்க. 'ரப்பர் நிக்காது அண்ணி, தண்ணி ஏறாது'ன்னு அவன் தோலைத்தான் போட்டான் ஒவ்வொரு தரமும். இதையும் நான்தான் சொல்லலை. சொல்லியிருந்தா பட்டினி கிடந்திருப்பீங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓடுகளுக்கு ஒரு முழம் தள்ளி. எத்தனை வருஷம் விடியற்காலையில் ஈரத்துண்டோடு நின்று, யார் கையும் படாத தண்ணீர் என்று நினைத்து அடித்தேன்! தோல் வழியாக ஏறி, பாஷாணத்தோடு வந்து, கடைசியில் இறாலுக்குள் புகுந்து வந்ததைத்தான் தூய்மை என்று தலையில் தெளித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் ஓடுகளைச் சாக்கில் அள்ளினாள். அரைமணியில் பெட்டியோடு படியில் இறங்கி வந்தாள். மனைவி அந்தப் பெட்டியைப் பிடுங்கி மறுபடி மாடிக்கு ஏற்றினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வருஷத்தில் அதிகக் கூட்டம் வருகிற நாள். அந்த இருபது பேரோடு புதுசாகப் பத்துப் பேர் வருவார்கள். எல்லோரும் என் கையிலிருந்துதான் தீர்த்தம் வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் பெருமாள் முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன தண்ணீரை நாளைக்குக் குடத்தில் ஊற்றுவது? இவ்வளவு நாள் ஊற்றியதற்கு என்ன சொல்வது?

சாயங்காலம் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்" என்றேன்.

"எதை? இறாலையா, பாஷாணத்தையா?"

"இறாலைத்தான். சைவக்காரங்களுக்கு மூணு மாசமா அதைக் குடுத்திருக்கேனே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

காலையில் நான் பம்பைத் தொடவில்லை. குளித்துவிட்டு அடுக்களைக் குழாயைத் திறந்து குடத்தைப் பிடித்தேன். பல வருஷம் கழித்து முதல் முறை. "வேண்டுதலை முறிக்கறேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லி அதையே பெருமாளுக்கு ஊற்றினேன். பிறகு ஒரு டம்ளர் நானும் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்குவது போல விழுங்கினேன்.

பஜனை முடிந்தது. எல்லோரும் வரிசைக்கு எழுந்தார்கள். "கொஞ்சம் உக்காருங்க" என்றேன். உத்தரணியைக் குடத்துக்குள்ளேயே விட்டேன். சொன்னேன். மணிகள் இறால் ஓட்டில் செய்தவை, எனக்கு நேற்றுதான் தெரியும், தெரியாமல் உங்கள் எல்லோர் ஆசாரத்தையும் கெடுத்துவிட்டேன், இன்றைக்கு இருப்பது குழாய்த் தண்ணீர், மன்னிக்க வேண்டும் என்று.

பிறகு வங்கியில் ஓய்வு பெற்ற ஐயர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏன் ஓய், நாப்பது வருஷம் ஆபீஸ்ல எத்தனை பேர் சிங்ரி கட்லெட்டை மூக்குக்கு நேரா நீட்டியிருக்கான். தப்பிச்சு வந்தேன். கடைசியிலே உம்ம கையாலே, அதுவும் உத்தரணியிலே வாங்கிச் சாப்பிடணும்னு இருந்திருக்கே!"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஒரு தம்பதி மட்டும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஐயர், "மேற்கொண்டு கையை நீட்டலாமோ? குழாய்த் தண்ணி எனக்கு எப்பவோ பழகியாச்சு" என்று வரிசைக்கு முதல் ஆளாக வந்தார். எனக்கு நெஞ்சு லேசாகியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் கிடர்பூர் அம்மா. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. "பில்டர் எதுக்கு வெச்சீங்க?"

நான் குடத்தை மூடப் போனேன்.

"அதான் கேக்கறேன். எத்தனையோ வருஷமா பம்புத் தண்ணிதான். திடீர்னு பில்டர் எதுக்கு?"

சொன்னேன். பாஷாணம் என்ற சொல்லைச் சொல்லும்போது கூடத்தில் எல்லோர் கையும் தானாகக் கீழே இறங்கியது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஆனி மாசம்."

"ஆனி மாசம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். குரல் உயரவே இல்லை. "பங்குனியிலேருந்து என் பொண்ணுக்கு இந்தத் தண்ணியைக் குடுத்தேன். மூணு மாசக் கர்ப்பத்திலேருந்து. ஆனியிலே உங்களுக்குத் தெரிஞ்சுது. வாராவாரம் என் பாட்டிலை நீங்கதானே ரொப்பிக் குடுத்தீங்க? 'பொண்ணு எப்படி இருக்கா'ன்னு வேற கேப்பீங்களே!"

"அப்புறம் குடுத்ததெல்லாம் நல்ல தண்ணிதாம்மா. பயப்படுத்த வேணாம்னு..."

"பயந்திருப்பேன். பயந்து டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே சோதிச்சிருப்பாங்க. இப்ப ஒன்பதாம் மாசம் நடக்குது." அவர் எழுந்தார். "இறாலாம், இறால்! இறாலுக்கு மன்னிப்புக் கேக்கறாரு இந்த மனுஷன்!"

என் வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளில் இதுதான் பெரியது. மாடியில் காக்கைகள் நடுவே வாங்கியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்து, எதற்காக அழுதிருக்கிறேன் பாருங்கள். என் மனைவிக்கு அது முந்தின நாளே தெரிந்திருக்கிறது. 'இறாலையா, பாஷாணத்தையா' என்று அவள் கேட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்குத் தீர்த்தம் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

மாடிப் பெண்தான் அன்று சாயங்காலமே கிடர்பூருக்குப் போனாள். நான் கேட்டுப் போகவில்லை. மனைவி விஷயத்தைச் சொன்னதும் தானே கிளம்பிப் போனாள். அந்த மகளின் நகத்தையும் முடியையும் சின்னக் காகித உறைகளில் எடுத்துவந்து, விடுமுறையிலும் திறந்திருந்த வேறொரு லேபில் கொடுத்தாள். எந்த ஆஸ்பத்திரியில் எதைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பதில் வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் பெருமாளிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று வந்தது. தினம் அரை டம்ளர், அதுவும் சில மாதங்கள்தான் என்பதால் தப்பியது என்று டாக்டர் சொன்னாராம். அந்த அம்மா அதை என் மனைவிக்குத்தான் போன் பண்ணிச் சொன்னார். என்னிடம் பேசவில்லை.

என்னையும் டாக்டர் பார்த்தார். இந்தத் தண்ணீரை விட்டாயிற்று அல்லவா, இனி கூடாமல் இருந்தாலே பெரிசு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்றார். குழாய்த் தண்ணீர் இப்போது பழகிவிட்டது. அந்தப் பெண்ணின் பில்டரை எடுக்கவில்லை. அவளுடைய சோதனை இன்னும் சில மாதம் ஓடினால்தான் படிப்பு முடியும். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டியூப்வெல்லை விட்டால் வேறு தண்ணீரே கிடையாதாம். குழாய் இருந்தும் வேண்டாம் என்று நின்றவன் நான். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூட வழியில்லை. அதனால் காலையில் அவளுக்காகப் பம்படித்து மேல் வாளியில் ஊற்றுகிறேன். நான் அதைக் குடிப்பதில்லை. இறாலை நினைத்தால் இன்னும் குமட்டத்தான் செய்கிறது. அதைப் பெருமாளிடம் மறைக்கவில்லை.

தீர்த்தம் கொடுக்கும் வேலையை ஐயரிடம் விட்டுவிட்டேன். நான் வரிசையில் கடைசியில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

கிடர்பூர் அம்மா நாலு சனிக்கிழமை வரவில்லை. பேரன் பிறந்த பிறகு ஒரு நாள் வந்தார். பஜனை முடிந்து படியிறங்கும்போது, என்னைப் பார்க்காமல், செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"எங்க தெருவுல ஒரு டியூப்வெல் இருக்கு. துறைமுகத்துல வண்டி இழுக்கறவங்க எல்லாம் அதுலதான் குடிக்கறாங்க. உங்க மேல்வீட்டுப் பொண்ணைச் சோதிக்கச் சொல்லணும். நீங்களும் வாங்க. அவ பச்சைப் புள்ள, கேள்வி கேட்டா திணறுவா."

திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணும் நானும் பஸ்ஸில் கிடர்பூர் போனோம். லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் அந்த டியூப்வெல் இருந்தது. மூட்டை இறக்கிவிட்டு வந்த பத்துப் பேர் முகம் கழுவிக்கொண்டும், இரண்டு கையையும் குவித்துக் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் பாட்டிலைப் பிடித்தாள். நான் பம்படித்தேன். வயசான ஒருவர், பீகார்க்காரர், தோளில் துண்டோடு, குவித்த கையில் தண்ணீரோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன பாபா, தண்ணி கெட்டுப்போச்சா?" என்று இந்தியில் கேட்டார்.

கெட்டுப்போகவில்லை என்று சொல்ல நாக்கு தானாக எழுந்தது. ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாது என்கிற அதே பழக்கம்.

"தெரியாது பாய்" என்றேன். "பாஷாணம் இருக்கான்னு பார்க்க எடுத்துட்டுப் போறோம். நாலு நாள் ஆகும். எதுவா இருந்தாலும், தெரியற அன்னிக்கே நான் வந்து சொல்றேன்."

சுற்றியிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெரியவர் கையிலிருந்த தண்ணீரைத் தரையில் விட்டார்.

"நீங்க எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார்.

"பெஹாலா" என்றேன். சந்தின் பெயரையும், வீடு எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன்.